பின் அச்சுக்குப் பின்னால்

வெறும் பிக்கப்பாய் இருந்தபோது குதித்தது.
முதுகில் அறையை ஏற்றியதும் ஆடத் தொடங்கியது.
கிண்ணியாவில் படகு செய்கிறவர்கள்
ஃபைபரில் வார்த்துத் தந்த அறை:
ஒரு கட்டில், ஓர் அடுப்பு,
கூரையில் கையகல வானம்.

சாம்பல்தீவில் காற்று பக்கவாட்டில் அடித்தால்
ஸ்டியரிங் என் கையில் ஒன்று சொல்லும்,
பின்சில்லு வேறொன்று சொல்லும்.
பள்ளத்தில் ஒருமுறை விழுந்தால்
மூன்றுமுறை எழும்.
பின்னால் படுத்திருக்கும் திலகேந்திரனின் முள்ளந்தண்டில்
ஆறு திருகாணி.
ஒவ்வொரு குழிக்கும் சின்ன ஜன்னல் வழியே
பத்துக்கு எத்தனை நோவு என்று ஓர் இலக்கம் சொல்வார்.
இறக்கக்கண்டியில் எட்டு.
கும்புறுப்பிட்டி வர இலக்கம் நின்றுவிட்டது.
வண்டியைத் திருப்பினேன்.

முதல் பிழை என்னுடையது.
ஆடுகிறதே என்று, வில்லுத்தகட்டுக்கு மேல்
இன்னும் இரண்டு தகடு அடுக்கச் சொன்னேன்.
ஆட்டம் குறைந்தது.
றோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லையும்
வண்டி எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியது.

பாலையூற்று முஸம்மில்
சாவியையும் கேட்கவில்லை, ஸ்பானரையும் தொடவில்லை.
"முதல்ல நிறுப்பம்" என்றான்.

தம்பலகாமத்து நெல் ஆலையில்
லொறி நிறுக்கும் தராசு.
முன்சில்லை மட்டும் ஏற்றி ஒரு தரம்,
பின்சில்லை மட்டும் ஏற்றி ஒரு தரம்.
உள்ளங்கையில் எழுதிக் கூட்டினான்.
"பாரம் கூடத்தான் அக்கா, அது பரவாயில்ல.
பாரம் இருக்கிற இடம்தான் பிழை.
எல்லாம் பின் அச்சுக்குப் பின்னால கிடக்கு.
முன்பக்கம் றோட்டைப் பிடிக்க ஏலாம மிதக்குது.
பின்கதவுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?"

திறந்தேன்.
தண்ணீர்த் தொட்டி, நூற்றிருபது லீற்றர்.
அது நான் அறிந்தது.
அதன் பக்கத்தில், எப்போது அடுக்கினேன் என்று
எனக்கே நினைவில்லாத ஒழுங்கில்
அரிசி இருபத்தைந்து கிலோ,
மண்ணெண்ணெய்க் கான்,
இரண்டு தறப்பாள், கயிறு, மண்வெட்டி,
சோடி சோடியாய்ச் செருப்பு,
காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைத்த
இரும்புப் பெட்டி.
நாலு நாள் புல்மோட்டைக் கரையில்
கிடந்துவரப் போகிறவர்கள் கட்டும் சாமான் இல்லை அது.

முஸம்மில் ஒன்றும் கேட்கவில்லை.
மூதூர்க்காரன்.
அவனுடைய ஓட்டோவின் ஸீற்றுக்கு அடியிலும்
ஒரு தறப்பாள் இருப்பதைக் கண்டிருக்கிறேன்.
"தொட்டிய முன்னால தள்ளுவம்.
இறக்கிறத நீங்க பாருங்க."

இரண்டு நாள்.
கூட்டிய தகடுகளைக் கழற்றினான்.
அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் காற்றுப்பை இரண்டு,
ஏற்றினால் ஊதலாம், இறக்கினால் விடலாம்.
எண்ணெய் கசிந்த ஷொக்குகளை எறிந்துவிட்டுத்
தடித்தவை நாலு போட்டான்.
சரிவைப் பிடிக்க, குறுக்கே ஓர் இரும்புக் கம்பி.
முன் டயரை விரலால் தட்டி,
"எண்பது அடிச்சிருக்கீங்க, இது சில்லா கல்லா?"
என்று காற்றைச் சீறவிட்டான்.
தொட்டி இப்போது கட்டிலின் தலைமாட்டில்.

அரிசியைக் கொடுத்தேன். செருப்புகளைக் கொடுத்தேன்.
மண்ணெண்ணெய் முஸம்மிலின் கிறீஸ் கைகளுக்குப் போனது.
இரும்புப் பெட்டியை வீட்டில் வைத்துப் பூட்டி,
மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்த்தேன்.
ஒரு தறப்பாளை மட்டும் கட்டிலுக்கு அடியில்,
அச்சுக்குச் சற்று முன்னால் வைத்தேன்.
நாலு கிலோ.
அதற்கு ஒன்றும் ஆகாது.

சனிக்கிழமை விடிய, அதே றோட்டு.
சாம்பல்தீவில் காற்று தள்ளியது,
வண்டி ஒருதரம் சாய்ந்து தன் இடத்துக்கு வந்தது.
பள்ளம்: விழுந்தோம், எழுந்தோம், அவ்வளவுதான்.
இறக்கக்கண்டிப் பாலத்தில்
இலக்கத்துக்குக் காது கொடுத்திருந்தேன்.
ஜன்னலில் சத்தமில்லை.
கும்புறுப்பிட்டியிலும் இல்லை.
ஓரத்தில் நிறுத்தி, இறங்கி ஓடிக் கதவைத் திறந்தேன்.

வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை.
தலைமாட்டுத் தொட்டிக்குள் தண்ணீர்
இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.